தெளிகண் காட்டிய தொண்டை

மயக்க ஊசி போட்டு ஆளைத் தூங்கவைத்துவிட்டால் அவர் தானாக மூச்சு விடமாட்டார். அவருக்காக மெஷின் மூச்சு விட வேண்டும். அதற்கு மூச்சுக்குழாய்க்குள் ஒரு ட்யூப் போக வேண்டும். அந்த வாசலோ நாக்கின் வேருக்குக் கீழே, இருட்டுக்குள், விரற்கடை அகலத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதை ஒட்டிப் பின்னாலேயே உணவுக்குழாயின் வாசல். முன்வாசலில் போனால் ஆள் பிழைப்பார். பின்வாசலில் போனால் வயிறுதான் உப்பும், ஆள் நீலம் பாரிப்பார். டாக்டர் சுடலைவடிவு பாதி ஆயுளை இந்த இரண்டு வாசலுக்கும் நடுவே கழித்தவள். அந்தக் கரிசல் சீமைப் பெரியாஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் வடிவு மேடம்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஒப்பீடு வந்து சேர்ந்தது. தொண்டைக்குள் பார்க்கும் வீடியோக் கருவிகள் இரண்டு. எது நல்லது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எது ஜெயிக்கிறதோ அதையே அரசாங்கம் எல்லா ஆஸ்பத்திரிக்கும் வாங்கும். ஆபத்தான கேஸ்கள் என்று தனியாகப் பொறுக்கக் கூடாது. குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று அன்றாடம் அறுவைக்கு வருகிற அத்தனை பேரும் இதில் சேர்த்தி.

ஒன்றின் பெயர் நேர்க்கண். நாக்கைத் தூக்க ஒரு வளைந்த தகடு, நுனியில் கேமரா, பக்கத்தில் திரை. உள்ளே இருப்பதை அப்படியே காட்டும். எச்சில் கிடந்தால் எச்சில், ரத்தம் கசிந்தால் ரத்தம், மூச்சின் ஆவி படிந்துவிட்டால் வெறும் வெள்ளை. இன்னொன்று தெளிகண். அது எதற்கும் அசராது. எச்சிலோ ரத்தமோ மறைத்தால், மறைத்த இடத்தில் என்ன இருந்தாக வேண்டும் என்று தானே கணித்து வரைந்து நிரப்பிவிடும். லட்சக்கணக்கான தொண்டைகளைப் பார்த்துப் படித்த கருவி. திரையில் எப்போதும் கல்யாண ஆல்பம் போல ஒரு படம்.

அதைக் கொண்டுவந்த கம்பெனி இன்ஜினியர் நிதர்சன் நல்ல பையன், பொய் பேசத் தெரியாதவன். திரையில் எது பார்த்தது, எது வரைந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று வடிவு கேட்டாள்.

"முதல்ல வரைஞ்சதை வேற கலர்ல காட்டினோம் மேடம். டாக்டருங்க பயந்து கையை எடுத்துட்டாங்க. அதனால கலரை எடுத்துட்டோம்," என்றான். பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல ஒன்று சொன்னான். "அது படிச்சுக்கிட்டே இருக்கும் மேடம். கஷ்டமான தொண்டைதான் அதுக்கு நல்ல பாடம். அதை மட்டும் அதுகிட்டருந்து ஒளிச்சு வச்சுராதீங்க."

வடிவு சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆரம்பத்திலேயே ஒரு லாரி டிரைவர் வந்தார். நாக்கின் அடிப்பாகம் தடித்து வீங்கியிருந்த மனிதர். தெளிகண் திரையில் வாசல் பளிச்சென்று திறந்து கிடந்தது. ட்யூப் அதற்குள் போவதை வடிவு கண்ணாரப் பார்த்தாள். ஆனால் கிராஃப் எழும்பவில்லை. நோயாளி விடும் மூச்சில் கரியமில வாயு இருந்தால் இன்னொரு திரையில் கோடு மேடு மேடாக எழும்பும். ட்யூப் வயிற்றுக்குப் போயிருந்தால் தட்டையாகக் கிடக்கும். தட்டையாகத்தான் கிடந்தது. ட்யூபை உருவிப் போட்டுவிட்டு நேர்க்கண்ணை எடுத்தாள். மங்கலும் எச்சிலுமாக அது காட்டிய படத்தில் வாசல் வேறெங்கோ இருந்தது. டிரைவர் பிழைத்து, வீட்டுக்கும் போனார். தனக்கு நடந்தது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

துறைத் தலைவர் தவமணி சாரிடம் அன்றைக்கே போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அதற்குத்தானே அம்மா ஒப்பீடு, இப்படிப் பத்துப் பேர் வந்தால் கணக்கே சொல்லிவிடும், நீ எதையும் விடாமல் பதிந்துகொண்டே வா என்றார். சொன்னதில் தப்பேயில்லை. அந்தப் பத்துப் பேர் யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

யாருக்கு எந்தக் கருவி என்பதைச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். மேஜைக்கு அடுத்து வருகிற ஆளுக்கு இது என்று தியேட்டர் போனுக்குச் செய்தி வரும். யார் அந்த ஆள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வரிசையில் அடுத்தவர், அவ்வளவுதான். தெளிகண்ணைச் சூடேற்றித் தயாராக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால் முந்தின ஆள் மேஜையில் இருக்கும்போதே அடுத்தவருக்கான செய்தி முன்கூட்டியே வந்துவிடும். அத்தனையும் கெட்டது இந்த முன்கூட்டியே வந்த செய்தியால்தான்.

மாரிக்கனி அப்படி ஒரு காலை நேரத்தில் பித்தப்பைக் கல்லுக்காக வந்தாள். பட்டாசு ஆலை விபத்தில் கருகித் தப்பியவள். தாடைக்குக் கீழே கழுத்தெல்லாம் தழும்பு கட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்க்க முடியாது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சீனியம்மாள் தியேட்டர் வாசலில் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு மிசினு இருக்காம்லம்மா. எம் பிள்ளைக்கு நல்ல மிசினாப் போட்டுருங்க," என்றாள்.

உள்ளே வந்து போனைப் பார்த்தாள் வடிவு. அடுத்த ஆளுக்குத் தெளிகண். அடுத்த ஆள் மாரிக்கனி.

 மாரிக்கனிக்குப் பின்னால் வரிசையில் இருந்தது லூர்து டீச்சர், நீளமான கழுத்தும் வாய் நிறையச் சிரிப்புமாக, கண்ணை மூடிக்கொண்டு ட்யூப் போடலாம் போன்ற ஒரு தொண்டை. வடிவு தன்னிடம் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த நூர்நிஷாவைக் கூப்பிட்டாள்.

"லூர்து டீச்சரை முதல்ல கொண்டு வா. மாரிக்கனிக்கு பிரஷர் இன்னொரு தடவை பார்க்கணும்."

"பிரஷர் நல்லாத்தான் இருக்கு மேடம்."

"இன்னொரு தடவை பார்க்கணும்னு சொன்னேன்."

நூர்நிஷா போனைப் பார்த்தாள், வடிவின் முகத்தைப் பார்த்தாள், டீச்சரைக் கூட்டிவரப் போனாள். கெட்டிக்காரப் பெண்.

டீச்சரின் தொண்டைக்குள் தெளிகண் போனபோது தியேட்டரே நின்று பார்த்தது. அப்படி ஓர் அழகான வாசல். இடது குரல் நாணில் மட்டும் ஒரு அரிசி மணி அளவுக்கு வெள்ளையாக ஒரு புடைப்பு. எந்நேரமும் கத்திப் பாடம் நடத்துகிறவர்களுக்கு வருவதுதான். ட்யூப் வழுக்கிக்கொண்டு போயிற்று. நிதர்சன் அந்தப் படத்தைப் பார்த்து மயங்கிப்போனான். பெண்களின் தொண்டை என்றால் எங்கள் கருவிக்கு இனி இதுதான் முதல் பாடம் என்றான்.

பிறகு மாரிக்கனி, நேர்க்கண்ணுடன். வடிவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. புகையும் சூடும் உள்ளேயும் வேலை செய்திருந்தன. வலது பக்கம் தழும்பு இழுத்து, தையல் கோணிப்போன சுருக்குப்பை வாய்போல இருந்தது வாசல். முதல் தடவை கிட்டவில்லை, ரத்தம் கசிந்து திரை சிவந்தது. இரண்டாம் தடவை மங்கலில் துழாவித்தான் ட்யூபை உள்ளே தள்ளினாள். கிராஃப் எழும்பிய பிறகே அவளுக்கும் மூச்சு வந்தது.

கணக்கில் என்ன பதிவாயிற்று? தெளிகண்: அருமையான காட்சி, முதல் முயற்சியிலேயே வெற்றி. நேர்க்கண்: மோசமான காட்சி, ரத்தக்கசிவு, இரண்டாம் முயற்சி. இரண்டும் அப்பட்டமான உண்மை. சீனியம்மாள் மகளைக் கூட்டிப்போகும்போது ஒரு பொட்டலம் காராச்சேவு கொடுத்துவிட்டுப் போனாள். வடிவு அதைத் தியேட்டரில் எல்லாருக்கும் பங்கு வைத்தாள்.

ஒரு தடவை செய்தது பழகிப்போயிற்று. குட்டைக் கழுத்து வந்தால், பாக்கு மென்று மென்று வாய் திறக்க முடியாமல்போனவர் வந்தால், யாருக்காவது பிரஷர் இன்னொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது. யாருக்கும் அறுவை தள்ளிப்போகவில்லை. அதே நாளில் முன்னே பின்னே, அவ்வளவுதானே. கண்ணுக்கு முன்னால் படுத்திருக்கிறவரைக் காப்பாற்றுவது தப்பா என்று கேட்டால் வடிவு மட்டுமா, எந்த டாக்டரும் தப்பென்று சொல்லமாட்டார்.

முடிவு வந்தது. சேர்ந்திருந்த எல்லா ஆஸ்பத்திரிகளிலும் தெளிகண்ணே ஜெயித்திருந்தது. சும்மா இல்லை, நேர்க்கண்ணின் மூக்கை உடைத்திருந்தது. நேர்க்கண் இரண்டாந்தரக் கருவி, பாதுகாப்புக் குறைவு, திரும்பப் பெற வேண்டும் என்று உத்தரவு. அட்டைப் பெட்டிகளில் போட்டு ஒட்டி லாரியில் ஏற்றினார்கள். வடிவு ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு நேராகத் தவமணி சாரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஆளை மாற்றியதை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நானும்தான் வடிவு," என்றார்.

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அவரும் மாற்றியிருக்கிறார். வேறு ஊர்களில் அவருடைய பழைய மாணவர்களும் மாற்றியிருக்கிறார்கள். ஒருவர் வாய்தவறிச் சொன்னதில் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் செய்கிறோம், ஒன்றிரண்டு பேரால் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். கஷ்டமான தொண்டைகள் முழுக்க நேர்க்கண்ணுக்கே போயின. நம்பிக்கையான கருவி என்பதால் போயின, போனதாலேயே அது தோற்றது.

"அப்ப அந்தக் கருவி கோணல் தொண்டை ஒண்ணையுமே பார்த்ததில்ல சார். உலகத்துல எல்லார் தொண்டையும் லூர்து டீச்சர் தொண்டைன்னு அது நினைச்சிட்டு இருக்கு."

"சரி, யார் தொண்டையை அனுப்பியிருக்கணும்? அந்த பட்டாசுப் பொண்ணையா? அவ அம்மா உன் கையப் புடிச்சாளே, அவகிட்ட என்னன்னு சொல்லியிருப்பே?"

 அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கிராஃப் இருக்கிறதே, தப்பாகப் போனால் உடனே தெரிந்துவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். சொல்வதென்றால் எல்லாரும் சேர்ந்து சொல்வோம், நான் பேசுகிறேன் என்றார். பேசுவதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அடுத்த வாரம் எழுதிப் போட வேண்டும் என்று வடிவு நினைத்தாள். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் தெளிகண் தினமும் நன்றாக வேலை செய்தது. வெட்கம் மெல்ல மெல்ல மரத்துப்போயிற்று.

ஒரு மத்தியானம், டாக்டர்கள் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், போன் அடித்தது. வீடியோ அழைப்பு. நூர்நிஷா. படிப்பை முடித்துவிட்டு அவள் பட்டாசு ஆலைகளுக்கு நடுவே இருந்த தாலுகா ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"மேடம், நம்ம மாரிக்கனி. பிரசவத்துக்கு வந்தா. நஞ்சுக்கொடி பிரிஞ்சு ரத்தமாக் கொட்டுது, முதுகு ஊசிக்கு நேரமில்லன்னு முழு மயக்கம் கொடுத்துட்டேன். ட்யூப் ஈஸியாப் போயிருச்சு மேடம், படம் சூப்பரா இருக்கு. கிராஃப் மட்டும் வரல. இந்த கிராஃப் மெஷினும் போன வாரத்துல இருந்தே தகராறு. மாத்தச் சொல்லியிருக்கேன். நீங்க ஒரு தடவை பார்த்துருங்க."

போனைத் திரைப்பக்கம் திருப்பினாள். வடிவு சோற்றுக் கையோடு குனிந்து பார்த்தாள். கல்யாண ஆல்பம் போன்ற படம். விரிந்த வாசல், அதற்குள் கம்பீரமாகப் போயிருந்த ட்யூப். கோணல் இல்லை, தழும்பு இல்லை. இடது குரல் நாணில் வெள்ளையாக ஓர் அரிசி மணி.

வடிவு எழுந்து நின்றுவிட்டாள்.

"நூர், அது அவ தொண்டை இல்ல. ட்யூபை எடு."

"மேடம், வாசல் கண்ணு முன்னால தெரியுது. ட்யூப் உள்ள இருக்கு."

"அது லூர்து டீச்சர் தொண்டைடி. அன்னைக்கு முன்னால கொண்டுவந்தோமே, அந்த டீச்சர். எடு நூர். எடுத்துரு."

நூர்நிஷாவை என்ன குற்றம் சொல்ல? திரையை நம்பு என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் வடிவும் ஒருத்தி. ஒரு பக்கம் கண்ணெதிரே தெரிகிற வாசல். இன்னொரு பக்கம் ஏற்கெனவே பழுதான ஒரு கிராஃப் மெஷின், கூடவே பைத்தியம்போலப் பேசுகிற ஒரு மேடம். அவள் தயங்கினாள். தயங்கியது கொஞ்ச நேரம்தான். மாரிக்கனியிடம் அந்தக் கொஞ்ச நேரம்கூடக் கையில் இல்லை.

பிறகு எடுத்தாள். அதே தெளிகண்ணை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி துழாவினாள். வேறு கருவி அந்த ஆஸ்பத்திரியில் ஏது? ஒவ்வொரு தடவையும் அது டீச்சரின் வாசலையே திறந்து காட்டியது. திரையைப் பார்க்காதே, கையை நம்பு, வலது பக்கம் மேலே தேடு என்று வடிவு கத்திக்கொண்டிருந்தாள். தழும்பு இறுகிய முகவாயில் மூச்சு முகமூடி உட்காரவில்லை. கழுத்தில் நேராகத் துளையிடலாம் என்றால், தோல் செருப்புத் தோலாகக் கெட்டிப்பட்டு மூச்சுக்குழாய் எங்கே என்றே விரலுக்கு அகப்படவில்லை. இதற்கிடையில் சர்ஜன் அம்மா குழந்தையை எடுத்துவிட்டார். அது அழுதது போனில் தெளிவாகக் கேட்டது. பெற்றவளுக்குக் கேட்டிருக்காது.

விசாரணை நடந்தது. வடிவு இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை, தவமணி சாரையும் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள். தண்டனை வந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. விசாரணை அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நோயாளி மேல் இரக்கப்பட்டது குற்றமாகாது என்றார். ஒப்பீட்டைத் திரும்ப நடத்தலாமே என்றாள். எதை வைத்து நடத்துவது, நேர்க்கண் செய்த கம்பெனியே மூடிவிட்டதே என்றார் அவர்.

சீனியம்மாள் ஏதோ சான்றிதழுக்காகப் பெரியாஸ்பத்திரிக்கு வந்தபோது பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வடிவைப் பார்க்கவும் வந்தாள். வடிவு அவளை உட்காரவைத்து, அன்றைக்கு ஆளை மாற்றியது முதல் எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிறமாதிரி சொன்னாள். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். சீனியம்மாள் கேட்டு முடித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எம் பிள்ளைக்கு நீங்க நல்லதுதானம்மா செஞ்சீக," என்றாள். வடிவு அன்றைக்கு வேலை பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் தெளிகண்ணுக்குப் புதுப் பாடம் ஏற்ற நிதர்சன் வந்தான். ஆள் இளைத்திருந்தான். வடிவின் கண்ணைப் பார்க்காமல் பெட்டியைத் திறந்து வேலையைப் பார்த்தான். போகும்போதுதான் பேசினான்.

"இனிமே தீக்காயக் கழுத்துல தப்புப் பண்ணாது மேடம். நல்லாப் படிச்சிருச்சு."

"எத்தனை தொண்டை பார்த்து?"

அவன் பெட்டியின் கொக்கியை மாட்டினான். "எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. ஆனா அதுல ரொம்ப நேரம் தேடியிருக்காங்க இல்லையா, அதனால எல்லாக் கோணத்துலயும் படம் கெடச்சுது மேடம்."

அவன் பொய் சொல்லவில்லை. அடுத்த பட்டாசு விபத்து நடக்க வெகுநாள் ஆகவில்லை. அதில் கருகி, காயம் ஆறிச் சில மாதத்தில் தழும்பு இறுகி, தாடை நெஞ்சைப் பார்த்துக் குனிந்துபோன ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். வரிசையில் முன்னே பின்னே மாற்ற எதுவும் இல்லை, இருந்தது ஒரே கருவிதான். வடிவு கிராஃப் மெஷினைத் தானே சரிபார்த்துவிட்டுத் தெளிகண்ணை அவன் வாய்க்குள் இறக்கினாள். எச்சிலும் சளியும் கேமராவை மூடின. ஒரு நொடி திரை மங்கியது, பிறகு படம் வந்தது.

வலது பக்கம் தழும்பு இழுத்து, தையல் கோணிப்போன சுருக்குப்பை வாய்போல ஒரு வாசல்.

 அந்த வழி அவளுக்குத் தெரியும், ஒரு தடவை மங்கலில் துழாவிக் கண்டுபிடித்த வழி. வலது பக்கம், கொஞ்சம் மேலே, ஒரு திருப்பு. கிராஃப் மேடு மேடாக எழும்பியது. பக்கத்தில் நின்ற புது மாணவி, எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள் மேடம் என்றாள். தெளிவாகத்தான் தெரிந்தது. படுத்திருந்த பையனின் தொண்டையை அந்த அறையில் யாருமே பார்க்கவில்லை. திரையில் மாரிக்கனியின் தொண்டைக்குள் ட்யூப் ஒழுங்காகப் போய் உட்கார்ந்திருந்தது, முதல் முயற்சியிலேயே.